ஸ்ட்ரெப் தொண்டை: எந்தத் தொண்டை வலிக்கு இந்தப் பெயர்?

‘ஸ்ட்ரெப்’ என்பது ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ்’ என்ற கிருமிப் பெயரின் சுருக்கம். அந்தக் கிருமியால் வரும் தொண்டை வலிக்குத்தான் ஸ்ட்ரெப் தொண்டை என்று பெயர். கிரேக்கத்தில் ‘ஸ்ட்ரெப்டோஸ்’ என்றால் முறுக்கியது, ‘கொக்கோஸ்’ என்றால் மணி அல்லது விதை. நுண்ணோக்கியில் உருண்டைக் கிருமிகள் மாலை கோத்தது போல வரிசையாகத் தெரியும். வியன்னாவின் அறுவை மருத்துவர் பில்ரோத் 1874இல் வைத்த பெயர் இது. 1884இல் ரோசன்பாக் ‘பயோஜெனஸ்’, அதாவது சீழ் உண்டாக்குவது, என்ற பெயரைச் சேர்த்தார். ஆய்வக அறிக்கையில் ‘ஏ பிரிவு’ என்று வருவதும் இதே கிருமிதான்.

தமிழில் ‘சங்கிலிக்கோளத் தொண்டை அழற்சி’ எனலாம். நீளம்தான், ஆனால் குழப்பம் இல்லை. ‘தொண்டைக்கட்டு’ பொருந்தாது, அது குரல் கம்முவது. குரல் கம்மி, இருமலும் மூக்கொழுகலும் இருந்தால் பெரும்பாலும் வைரஸ்தான். ‘தொண்டை அடைப்பான்’ டிப்தீரியா, அது வேறு கிருமி. ‘உள்நாக்கு வளர்ந்திருக்கு’ என்பார்கள். வீங்குவது நடுவில் தொங்கும் உள்நாக்கு அல்ல, இருபுறமும் உள்ள டான்சில் சதை.

நம் பேச்சில் ஒரு நல்ல சொல் உண்டு: நெறி கட்டுதல். தாடைக்குக் கீழே நெறி கட்டித் தொட்டால் வலிப்பது, 38 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சல், டான்சிலில் வெள்ளைத் திட்டு, இருமல் இல்லாமை: மருத்துவர் தேடுவது இந்த நான்கையும்தான். உறுதி செய்யத் தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துச் சோதிக்க வேண்டும். பலரும் எடுக்கும் ஏ.எஸ்.ஓ. ரத்தப் பரிசோதனை பழைய தொற்றைத்தான் காட்டும். இன்றைய தொண்டை வலிக்கு அது வீண் செலவு.

5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கே அதிகம். சிலருக்கு வயிற்று வலியும் வாந்தியும் முந்திக்கொள்ளும். தருமபுரிப் பக்கம் தொக்கம் (வயிற்றில் சிக்கிய உணவு என்று நம்பப்படுவது) எடுக்க அழைத்துப் போய்விடுவார்கள், தொண்டையை யாரும் பார்ப்பதில்லை. கிருஷ்ணகிரியில் மாங்காய் சீசன் என்றால் பழி மாங்காய் மேல், ஓசூரில் பனி மேல். இரண்டும் காரணமில்லை. இருமல், எச்சில் திவலை, நெருக்கமான விடுதி அறை வழியாகவே பரவுகிறது. ஒட்டி 2 முதல் 5 நாளில் வெளிப்படும்.

உப்புநீர்க் கொப்பளிப்பு வலியைத் தணிக்கும், கிருமியைக் கொல்லாது. பென்சிலின் அல்லது அமாக்சிசிலின் மாத்திரை என்றால் 10 நாள். இல்லையேல் பென்சாத்தீன் பென்சிலின் ஊசி ஒரே முறை: 27 கிலோவுக்குக் கீழே 6 லட்சம் யூனிட், மேலே 12 லட்சம். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். மருந்து தொடங்கி 24 மணி நேரத்தில் பரவுவது பெரும்பாலும் நின்றுவிடும். காய்ச்சலும் விட்டிருந்தால் பள்ளிக்கு அனுப்பலாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மூன்று நாள் அசித்ரோமைசினுக்கு இக்கிருமி பல இடங்களில் அடங்குவதில்லை. பென்சிலினுக்கு இன்றும் அடங்குகிறது.

மூன்றாம் நாளே வலி போய்விடும், மாத்திரையும் நின்றுவிடும். சிக்கல் அங்கேதான். சரியாகத் தீராத தொற்றுக்குப் பின் 2, 3 வாரத்தில் ருமாட்டிக் காய்ச்சல் வரலாம்: மூட்டு மாற்றி மூட்டு வீங்கும், இதய வால்வு பழுதாகும். வலி தொடங்கி 9 நாளுக்குள் பென்சிலின் தொடங்கினாலும் இதைத் தடுக்க முடியும். தொண்டை ஆறிய பின் முகம் வீங்கினாலோ, சிறுநீர் காபி நிறத்தில் போனாலோ சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சிறுநீரும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும்.