கெண்டைக்கால் வலியைத் தனியாகத் தீர்மானிக்காதீர்கள்: மழையிலும் பனியிலும் டிரையத்லான் பயில்வோருக்கு

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை மாலை, வங்கியில் வேலை பார்க்கும் 28 வயது இளைஞர் ஒருவர் தஞ்சாவூரில் உள்ள எனது இயன்முறை சிகிச்சை நிலையத்துக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தார். நான்கு மாதங்களாக ஒரு சிறு குழுவோடு சேர்ந்து தமது முதல் டிரையத்லானுக்காக நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் பயின்றுவந்தவர். இரண்டு கெண்டைக்கால்களிலும் வலி. "சனிக்கிழமை 12 கிலோமீட்டர் ஓடினேன் சார், அதுவரைக்கும் நான் அவ்வளவு தூரம் ஓடியதே இல்லை" என்று காரணத்தையும் அவரே சொல்லிவிட்டார். கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து, கெண்டைச் சதையை இரண்டு விரல்களால் மெல்லப் பிடித்தேன். உடம்பு முழுவதும் ஒருமுறை துள்ளி விழுந்தது. தசைப்பிடிப்பு என்றுதான் நானும் நினைத்தேன்.

அவரை அழைத்து வந்தவர் அதே குழுவில் பயிற்சி செய்யும் கல்லூரி ஆசிரியை. வாசலருகே நின்றிருந்த அவர், சற்றுத் தயக்கத்தோடு, "சார், தம்பிக்கு நேற்றிலிருந்து கண் சிவந்திருக்கிறது. மெட்ராஸ் ஐ என்று நினைத்தோம். ஆனால் பீளையே இல்லை" என்றார். கால் சூடாக இருந்ததை அப்போதுதான் நான் பொருட்படுத்தினேன். வெப்பமானியில் 102 டிகிரி காட்டியது. நீச்சல் எங்கே என்று கேட்டேன். மழையால் நீச்சல் குளம் மூடியிருந்ததால், பத்து நாட்களுக்கு முன்பு மூன்று பேர் ஆற்றில் இறங்கி நீந்தியிருக்கிறார்கள். அன்றிரவே பொது மருத்துவரிடம் அனுப்பினேன். இரத்தப் பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. உரிய நேரத்தில் ஆன்டிபயாடிக் கிடைத்ததால் சிறுநீரகத்துக்குச் சேதம் வராமல் மீண்டார். அந்த ஆசிரியை வாய் திறக்காமல் இருந்திருந்தால், சதைக்கு ஒத்தடம் கொடுத்து, ஒரு கட்டுப் போட்டு, இரண்டு நாள் கழித்து வரச் சொல்லி நான் அனுப்பியிருக்கக்கூடும். அந்த எண்ணம் இன்றும் என்னை உறுத்துகிறது. இந்தக் கட்டுரையை எழுதுவதற்கும் அதுவே காரணம்.

டிரையத்லான் பற்றிய பயிற்சிக் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே குளிர்காலம் என்றால் உறைபனியும் குறைந்த பகலும்; சைக்கிளை வீட்டுக்குள் ஓர் உருளைமேல் நிறுத்தி மிதிப்பார்கள், நீச்சலுக்கு வெந்நீர்க் குளம் தேடுவார்கள். காவிரிப் படுகையில் மார்கழி விடியற்காலையிலும் வெப்பநிலை 20 டிகிரி செல்சியசை ஒட்டியே இருக்கும். நமக்குக் குளிரால் ஆபத்தில்லை, தண்ணீரால்தான் ஆபத்து. ஐப்பசியில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை, வயலையும் வடிகாலையும் வாய்க்காலையும் ஆற்றையும் ஒரே நீராக்கிவிடுகிறது. வளைகளில் வெள்ளம் புகுந்து எலிகள் வரப்புக்கும் மேட்டுக்கும் ஏறுகின்றன. அவற்றின் சிறுநீரும், மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீரும் அந்த நீரில் கலக்கின்றன. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா என்னும் நுண்கிருமி அதில் நாள்கணக்கில், ஏன் வாரக்கணக்கிலும் உயிரோடு இருக்கும். காலில் இருக்கும் சிறு கீறல், கண், மூக்கு, வாய் இவற்றில் ஏதேனும் ஒரு வழி அதற்குப் போதும்.

இந்த நோயை நடவு, களையெடுப்பு, சாக்கடை வேலை செய்வோரின் நோய் என்று நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். ஆனால் டிரையத்லான் வரலாற்றிலேயே இதற்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 1998 ஜூன் மாதம் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஏரியில் நடந்த டிரையத்லான் போட்டியில் 876 பேர் கலந்துகொண்டனர். போட்டிக்குப் பிறகு பலர் காய்ச்சலில் விழவே, சுகாதாரத் துறையினர் அவர்களில் 834 பேரைத் தொடர்புகொண்டு விசாரித்தார்கள். 98 பேர் நோய்வாய்ப்பட்டதாகச் சொன்னார்கள். இரத்தம் சோதிக்கப்பட்ட 474 பேரில் 52 பேருக்கு எலிக்காய்ச்சல் தொற்று இருந்தது. போட்டிக்கு முன்பு பெய்த கனமழை ஏரி நீரை மாசுபடுத்தியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. நோய் கண்டவர்களிடம் முக்கியமாகத் தென்பட்ட காரணம், நீந்தும்போது ஒரு வாயாவது ஏரித் தண்ணீரை விழுங்கியது.

அந்தக் கடைசிச் செய்தியைத்தான் நான் ஒவ்வொரு புதியவரிடமும் அழுத்திச் சொல்கிறேன். நீச்சலில் தேர்ந்தவர், தலையைப் பக்கவாட்டில் திருப்பி மூச்செடுத்து நீருக்குள் வெளிவிடுவார். அவர் வாய்க்குள் நீர் போவது அரிது. புதிதாகப் பழகுபவருக்கு மூச்சு பிடிபட மாதக்கணக்காகும். ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று முறையாவது தண்ணீர் குடிப்பார். ஆகவே ஒரே ஆற்றில் ஒரே நாளில் இறங்கினாலும் புதியவருக்கே ஆபத்து அதிகம். மேலும், மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம் என்பதால் நம் ஆறுகள் நிறைந்து ஓடுவதும் இந்த மாதங்களில்தான்; நிறைந்த ஆறு நீச்சல்காரரை அழைக்கத்தான் செய்யும். ஷட்டர் திறப்பால் திடீரென ஏறும் நீர்மட்டம், மதகருகே சுழல், மணல் அள்ளிய குழிகள் ஆகியவற்றைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆற்றங்கரை ஊர்களில் ஆண்டுதோறும் அழுகுரல் கேட்கிறது. குளம் மூடியிருக்கும் வாரங்களில் நீச்சலை விட்டுவிடுங்கள். ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி, குனிந்து நின்று, கைவீச்சை நாளொன்றுக்கு 15 நிமிடம் பழகினால் தோளின் வலு குறையாது. முதற்படிப் போட்டியான ஸ்பிரின்ட் தூரத்தில் நீச்சல் 750 மீட்டர்தான். அதற்காக மழைக்காலத்தில் ஆற்றில் இறங்க வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை.

இனி, வலியைப் பிரித்தறிவது எப்படி என்பதைப் பார்ப்போம். அதிகமாக ஓடியதால் வரும் சதைவலி, ஓடிய மறுநாள் தொடங்கி இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தை அடைந்து, ஐந்தாறு நாளில் தானாகத் தணியும், எழுந்து நாலடி நடந்தால் இறுக்கம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், காய்ச்சல் இருக்காது. சதைநார் கிழிந்தால் பெரும்பாலும் ஒரே காலில், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓர் இடத்தில் வலிக்கும். எந்த அடியில் சுளீரென்றது என்று ஓடியவருக்கே தெரியும். எலிக்காய்ச்சலின் வலி இரண்டு கெண்டைக்கால்களிலும், பலருக்கு இடுப்பிலும், மெல்லப் பிடித்தாலே தாங்க முடியாதபடி இருக்கும். கூடவே திடீர்க் காய்ச்சல், கடும் தலைவலி, பலருக்குப் பீளை தள்ளாத கண் சிவப்பு. நீரில் இறங்கிய நாளிலிருந்து ஒன்றிரண்டு வாரத்தில் தொடங்குவதே பெரும்பாலும் வழக்கம். அதற்குள் அந்த நீச்சலே மறந்துபோயிருக்கும். சிலருக்கு முதல் காய்ச்சல் சில நாளில் விட்டுவிடும். சரியாகிவிட்டது என்று மறுபடி ஓடத் தொடங்குவார்கள். பிறகுதான் மஞ்சள் காமாலையும் சிறுநீர் குறைவதும் வரும். சிறுநீர் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் போனால், எலிக்காய்ச்சலாக இருந்தாலும் சரி, அளவுக்கு மீறிய பயிற்சியால் தசை சிதைந்ததாக இருந்தாலும் சரி, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் கவலை தருவது மருந்துக்கடையில் தாமாக வாங்கிப் போடும் வலி மாத்திரை. ஓட்டக்காரர்கள் பலரின் பையில் டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ ஓர் அட்டை இருக்கிறது. சதைவலி என்று நினைத்து அதை விழுங்குகிறார்கள். காய்ச்சலும் சேர்ந்து தணிவதால் நோய் மறைந்துகொள்கிறது. எலிக்காய்ச்சலில் ஏற்கெனவே தடுமாறும் சிறுநீரகத்தை அந்த மாத்திரை மேலும் வாட்டும். இதே பருவத்தில் பரவும் டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவு கூடும். மழைக்காலத்தில் காய்ச்சலோடு வரும் உடல்வலிக்கு, மருத்துவரைப் பார்க்கும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதுவும் வேண்டாம்.

இவ்வளவையும் நோயுற்றவரே கவனித்துக்கொள்வார் என்று எதிர்பார்க்க முடியாது. தம் கண் சிவந்திருப்பது அவருக்குத் தெரியாது. காய்ச்சலைக் களைப்பு என்பார். பயிற்சி விட்டுப்போகிறதே என்ற தவிப்பில் வலியைச் சிறிதாக்கிச் சொல்வார். அதனால்தான் உடன் பயில்பவர் தேவைப்படுகிறார். குழுக்களில் ஒருவருக்கொருவர் ஆதரவாக இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, விடியற்காலையில் "விடாதே, உன்னால் முடியும்" என்று கைபேசியில் செய்தி அனுப்புகிறார்கள். உடம்பு நன்றாக இருப்பவருக்கு அது நல்ல ஊக்கம். உடம்பு சரியில்லாமல் படுத்திருப்பவருக்கோ அது ஒரு கட்டளையாகிவிடுகிறது, எழுந்து வந்துவிடுகிறார். காய்ச்சலோடு கடும் பயிற்சி செய்தால் இதயத் தசையில் அழற்சி ஏற்படும் ஆபத்து உண்டு என்பதை அந்தச் செய்தியை அனுப்பியவர் அறிந்திருக்க மாட்டார். புதியவருக்குத் தம் தோழரிடமிருந்து பெரிதும் வேண்டியது, "இன்றைக்கு வீட்டுக்குப் போ தம்பி, நானும் உன்னோடு வருகிறேன்" என்ற சொல்தான். தனியாக வீட்டுக்குத் திரும்புவது தோல்வி போலத் தோன்றும். இருவராகத் திரும்பினால் அப்படித் தோன்றாது. இதைப் பலமுறை நேரில் பார்த்திருக்கிறேன்.

நான் ஆலோசனை சொல்லும் குழுவில், அந்த வங்கி இளைஞருக்கு நேர்ந்ததன் பிறகு ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு துணை. ஓடத் தொடங்குமுன் தெருவிளக்கின் கீழ் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, தூங்கினாயா, காய்ச்சல் உண்டா, கால் எப்படி என்று மூன்றே கேள்விகள் கேட்பார்கள். துணை "வேண்டாம்" என்றால் அன்று பயிற்சி இல்லை; காரணம் கேட்பதோ வாதாடுவதோ கிடையாது. ஒருவர் சொல்லாமல் இரண்டு நாள் வராவிட்டால், துணை அவர் வீட்டுக்கே போய்ப் பார்ப்பார். விடிவதற்கு முன் தனியாக வெளியே வரத் தயங்கிய இரண்டு பெண்கள் இந்த ஏற்பாட்டால்தான் மார்கழி முழுவதும் விடாமல் வந்தார்கள் என்பது நான் எதிர்பார்க்காத நன்மை.

சைக்கிள் பயிற்சிக்கும் துணை வேண்டும். தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு ஏறக்குறைய 13 கிலோமீட்டர். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடக்கும் அந்தச் சாலையில் போய்த் திரும்பினால் ஸ்பிரின்ட் போட்டியின் 20 கிலோமீட்டருக்கு மேலேயே ஆகிவிடும் என்பதால் பலரும் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மார்கழியில் அந்தப் பாலங்களின்மேல் பனிமூட்டம் சாலையைவிட அடர்த்தியாகப் படிந்திருக்கும். தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கினால் பின்விளக்கில்லாத டிராக்டர்களும், அவற்றின் சக்கரத்திலிருந்து விழுந்த வழுக்கும் சேறும், பாதிச் சாலையை அடைத்துக் காயப்போட்ட நெல்லும், அதைக் காக்க ஓரத்தில் அடுக்கிய கருங்கற்களும் சேர்ந்துகொள்ளும். களமில்லாத விவசாயியைக் குறைகூற எனக்கு மனமில்லை. மூட்டமாக இருக்கும்போது நாம்தான் அந்த நேரத்தைத் தவிர்க்க வேண்டும். விடிந்து, எதிரே வருபவரின் முகம் தெரியத் தொடங்கிய பிறகு கிளம்புங்கள். தலைக்கவசம், சிவப்புப் பின்விளக்கு, ஒருவர்பின் ஒருவராக இடைவெளி விட்டு ஓட்டுவது, முன்னே போகிறவர் நெல்லையோ கல்லையோ கண்டதும் உரக்கக் குரல் கொடுப்பது, இவையெல்லாம் அதன் பிறகு.

ஈரமான ஷூவோடு நாள்தோறும் ஓடுபவர்களுக்கு விரலிடுக்கில் சேற்றுப்புண் வருகிறது. ஓடி முடித்ததும் காலைக் கழுவி, இடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள்; இரண்டு ஜோடி ஷூக்களை மாற்றி மாற்றி அணியுங்கள். வெடிப்பு விட்ட தோல்தான் மேலே சொன்ன கிருமிக்கு வாசல் என்பதால், புண் ஆறும்வரை தேங்கிய நீரில் கால் வைக்காதீர்கள்.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். காய்ச்சலோடு வரும் நடவுத் தொழிலாளியைப் பார்த்ததும் நம் பகுதி மருத்துவர்களுக்கு எலிக்காய்ச்சல் நினைவுக்கு வரும். இஸ்திரி போட்ட சட்டையோடு வரும் வங்கி ஊழியரையோ ஆசிரியரையோ பார்த்தால் அந்தச் சந்தேகம் எளிதில் எழாது. அவர் ஆற்றில் நீந்தினார், வயலோர நீரில் ஓடினார் என்பது மருத்துவருக்குத் தெரிய வழியில்லை. காய்ச்சலில் இருப்பவருக்கு அதைச் சொல்லத் தோன்றாமல் போகலாம். ஆகவே துணையாகப் போகிறவர் மருத்துவர் அறைக்குள்ளும் கூடவே போய், கேட்காமலே சொல்லிவிடுங்கள்: "டாக்டர், இவர் பத்து நாளைக்கு முன்னால் ஆற்றுத் தண்ணீரில் இறங்கியிருக்கிறார்."