வதந்தி: சொன்னவர் பெயர் இல்லாத சொல்

எங்காவது குண்டு வெடித்தால், துப்பாக்கிச் சூடு நடந்தால், கொஞ்ச நேரத்திலேயே வந்துவிடும் அறிவுரை ஒன்று உண்டு: "வதந்திகளை நம்பாதீர்கள்." கிழக்கிலங்கையின் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இதைக் கேட்டு வளராத தலைமுறையே இல்லை. ஆனால் வதந்தி என்றாலே பொய் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். சொல்லின் மூலப்பொருள் அதுவன்று.

வடமொழியில் 'வத்' என்பது பேசுதலைக் குறிக்கும் வேர். வாதம், வாதி, விவாதம் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. 'வதந்தி' என்றால் 'சொல்கிறார்கள்'. 'என்ன சொல்கிறார்கள்' என்ற பொருளில் 'கிம்வதந்தீ' என்று அங்கே வழங்கிய சொல், முன்பகுதி உதிர்ந்து தமிழில் வதந்தியாக நிற்கிறது. யார் சொல்கிறார்கள் என்பது மட்டும் அதில் இல்லை. ஆகவே இன்னார் சொன்னார் என்று காட்ட முடியாத செய்தி எதுவும் வதந்திதான். நாளை அது மெய்யாகவும் ஆகலாம்.

பேச்சுத் தமிழ் இதை ஓர் 'ஆம்' கொண்டு காட்டிவிடுகிறது. "கல்முனைப் பக்கம் ஏதோ வெடித்ததாம்" என்று ஒருவர் சொன்னால், அவர் அதைக் கண்ணால் காணவில்லை என்பது கேட்பவருக்கு உடனே விளங்கும். நேர்மையான விகுதி அது. செய்தியில் அந்த 'ஆம்' உதிர்ந்து, அதன் இடத்தில் 'கூறப்படுகிறது' வந்து உட்காருகிறது. யாரால் கூறப்படுகிறது? பதில் இல்லை. எச்சரிக்கையான நடைபோலத் தோன்றும் 'கூறப்படுகிறது' உண்மையில் வதந்தியின் நேர் மொழிபெயர்ப்பு. பத்திரிகை நடையில் நான் மிகவும் அஞ்சும் சொல் இதுவே.

பழந்தமிழில் இதற்கு அம்பல், அலர் என்று இரண்டு சொற்கள் இருந்தன. பெயர் சொல்லாமல் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல். இன்னாருக்கும் இன்னாருக்கும் இது என்று ஊரறியப் பேசுவது அலர். அலர்தல் என்றால் மலர்தல். இரண்டும் காதலைப் பற்றிய ஊர்ப்பேச்சுகள், பெரும்பாலும் உண்மையானவை. அந்தப் பேச்சு பரவும் வேகத்தைக் குறள் சொல்கிறது: "கண்டது மன்னும் ஒருநாள் அலர்மன்னும் திங்களைப் பாம்புகொண் டற்று." சந்தித்தது ஒரே நாள், பேச்சோ கிரகணம்போல உலகெங்கும் தெரிந்துவிட்டது. இந்தச் சொற்களை இன்றைய செய்திக்கு மீட்டெடுக்கச் சிலர் விரும்புகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. காதல் மணம் வீசும் சொல்லை இரத்தம் சிந்திய இடத்துக்குக் கொண்டுவருவது பொருந்தாது. ஆனாலும் அம்பல் அலராகும் அந்தக் கணம் நமக்கு வேண்டியது. 'யாரோ செய்தார்கள்' என்பதிலிருந்து 'இந்த ஊரார், இந்தச் சமயத்தார், இந்த முகம்' என்று பேச்சு மாறும் இடத்தில்தான் அடுத்த உயிர் ஆபத்துக்குள்ளாகிறது.

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் நடந்தது அதுதான். முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் உணவோடு கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்று குற்றம் சாட்டினார்கள். சூழ்ந்து நின்று மிரட்டியபோது அங்கிருந்தவர் ஒப்புக்கொண்டதுபோல ஒரு காணொளி பரவியது. அதே இரவில் உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாவுக் கட்டி. உண்டவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று மருத்துவத்திலேயே இல்லை. இதை வதந்தி என்பது குற்றத்தைக் குறைத்துச் சொல்வதாகும். இதற்குத் தமிழில் சரியான சொல் புரளி. புரள், புரட்டு ஆகியவற்றின் உறவுச் சொல். வதந்தி தானாகப் 'பரவும்'. புரளியை ஒருவர் 'கிளப்ப' வேண்டும். வினைச்சொல்லே கிளப்பியவரைத் தேடச் சொல்கிறது.

இவை இரண்டிலும் சேராத ஒன்றும் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சியோன் தேவாலயம் உட்பட நாட்டின் பல இடங்களில் குண்டுகள் வெடித்தன. இறந்தோர் தொகை 359 வரை ஏறியது. ஏப்ரல் 25 அன்று சுகாதார அமைச்சு அதை ஏறக்குறைய 253 என்று திருத்தியது. சிதைந்த உடல்கள் சில ஒன்றுக்கு மேற்பட்ட தடவை எண்ணப்பட்டிருந்தன. அதே நாளில் பொலிஸார் சந்தேக நபர் என்று வெளியிட்ட படங்களில் ஒன்று, சம்பவத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத அமெரிக்க மாணவி ஒருவருடையது. மன்னிப்புக் கேட்டுத் திருத்தினார்கள். இங்கே சொன்னவர் பெயர் இருந்தது; அதனால்தான் திருத்தவும் முடிந்தது. இதைத் தவறான தகவல் என்றே சொல்ல வேண்டும். வதந்தி என்றோ புரளி என்றோ சொல்லக் கூடாது.

வதந்திக்குத் தமிழ்ச் சொல் கேட்பவர்களுக்கு என் பதில் 'ஊர்க்கதை'. கதைத்தல் என்றால் பேசுதல் என்று வழங்கும் நம் மண்ணில் "ஒரு கதை அடிபடுகிறது" என்பது எல்லாருக்கும் விளங்கும். செய்தி எழுதும்போது 'உறுதிப்படாத செய்தி' போதும். ஆனால் அதோடு சொன்னவர் யார், எத்தனை மணி நிலவரம் என்ற இரண்டையும் அதே வரியில் எழுதுங்கள். இரண்டில் ஒன்று கிடைக்காவிட்டால் அந்த வரி காத்திருக்கட்டும்.