தடகள நிறைவுப் போட்டி: சொல் விளக்கம்

2005ஆம் ஆண்டு மொனாக்கோவில் அஞ்சு பாபி ஜார்ஜ் நீளம் தாண்டுதலில் 6.75 மீட்டர் தாண்டி இரண்டாம் இடம் பிடித்தார். முதலிடம் பெற்ற ரஷ்யாவின் தத்யானா கோத்தோவாவின் பழைய மாதிரியை மறுபடி சோதித்தபோது ஊக்கமருந்து தெரியவந்தது. பல ஆண்டுகள் கழித்து அந்தத் தங்கம் அஞ்சுவிடம் வந்து சேர்ந்தது. அவர் தாண்டிய அந்தப் போட்டியின் பெயர் 'வேர்ல்டு அத்லெட்டிக்ஸ் ஃபைனல்'.

இதை 'உலகத் தடகள இறுதிப் போட்டி' என்று எழுதினால் பொருள் நழுவிவிடும். இறுதிப் போட்டி என்றதும் தகுதிச் சுற்று, அரையிறுதி எல்லாம் முடிந்து வரும் கடைசிச் சுற்றுதான் நம் நினைவுக்கு வரும். இது அப்படியில்லை. பல நாடுகளில் மாதக்கணக்காக நடக்கும் போட்டிகளில் முன்னணியில் நின்ற சிலரை மட்டும் அழைத்து, பருவத்தை முடித்துவைக்கும் தனிப் போட்டி இது. 1985 முதல் 2002 வரை 'கிராண்ட் பிரீ ஃபைனல்' என்ற பெயரில் நடந்தது. கிராண்ட் பிரீ என்றால் பிரெஞ்சில் பெரும்பரிசு. 2003இல் பெயர் மாறியது. மொனாக்கோ, ஸ்டுட்கார்ட் என்று நடந்து, 2009இல் தெசலோனிக்கியோடு நின்றது. அடுத்த ஆண்டு டைமண்ட் லீக் என்ற தடகளத் தொடர் வந்தது.

ஆகவே 'இறுதி'யை விட 'நிறைவு' பொருத்தம். விழாவின் கடைசி நாளை நிறைவு நாள் என்றுதானே சொல்கிறோம்!

சரி, 'அத்லெட்டிக்ஸ்'? கிரேக்கத்தில் 'அத்லோஸ்' என்றால் போட்டி, 'அத்லோன்' என்றால் பரிசு. பரிசுக்காகப் போட்டியிடுபவர் 'அத்லேத்தேஸ்'. தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் வழங்குகின்றன. தமிழ்நாட்டில் தடகளம்: ஓடும் தடமும், தாண்டவும் எறியவும் உள்ள களமும். உம்மைத்தொகை என்பதால் நடுவில் 'க்' மிகவில்லை. இலங்கையில் மெய்வல்லுநர் போட்டி என்பார்கள். மெய் என்றால் உடல். அதில் வல்லவர் மெய்வல்லுநர். தடகளம் இடத்தைச் சொல்கிறது, மெய்வல்லுநர் ஆளைச் சொல்கிறது. கிரேக்க மூலமும் ஆளைத்தான் சொல்கிறது என்பதால், வீரர்களைக் குறிக்க நம்மவர்களும் அந்த இலங்கைச் சொல்லை எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும். 'தடகள வீரர்', 'தடகள வீராங்கனை' என்று பிரித்துச் சொல்லவும் வேண்டியிராது.

'சாம்பியன்' எனக்கு மிகவும் பிடித்த கதை. லத்தீனில் 'காம்பஸ்' என்றால் வெளி, களம். களத்தில் இறங்கிப் பொருதவர் 'காம்பியோ' ஆனார். அது பிரெஞ்சு வழியாகச் சாம்பியன் ஆனது. அங்கேயும் நம் களம்தான்! வென்றவருக்குத் தமிழில் வாகை இருக்கிறது. வாகைப் பூவைப் போரில் வென்றவர்கள் சூடினார்கள் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் தொல்காப்பியம் வாகைத் திணையைப் போரோடு நிறுத்தவில்லை. யாராக இருந்தாலும் தத்தம் துறையில் குற்றமின்றிச் சிறந்து விளங்குவதே வாகை என்கிறது. ஈட்டி எறிபவருக்கும் மாரத்தான் ஓடுபவருக்கும் இதைவிடப் பொருந்தும் சொல் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 'சாம்பியன் பட்டம்' என்று எழுதும் இடத்தில் 'வாகை' என்று தயங்காமல் எழுதலாம்.

டைமண்ட் லீக் என்பது ஒரு தொடரின் சொந்தப் பெயர். அதை 'வைர' என்று தொடங்கி மொழிபெயர்க்கத் தேவையில்லை. 2022இல் சூரிக்கில் நீரஜ் சோப்ரா 88.44 மீட்டர் எறிந்து வென்றதை, 'டைமண்ட் லீக் நிறைவுப் போட்டியில் நீரஜ் வாகை சூடினார்' என்று எழுதினால் போதும்.