10-க்கு 12 அறையில் 57 ஹெர்ட்ஸ்

வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். சில லட்சங்கள் கொடுத்து ஆளுயர ஸ்பீக்கர் ஜோடி ஒன்று வாங்கியிருக்கிறார். ஷோரூமில் அவ்வளவு தெளிவாகக் கேட்டது வீட்டுக்கு வந்ததும் பூம் பூம் என்கிறதாம். ஆம்ப்ளிஃபையரை மாற்றிப் பார்த்தார், ஒயரை மாற்றிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. “ஸ்பீக்கரில் கோளாறா?” என்று கேட்டுவிட்டு, போகிற போக்கில் அறையின் அளவையும் சொல்லியிருந்தார்: அகலம் 10 அடி, நீளம் 12 அடி, கூரை 10 அடி உயரம்.

கோளாறு அந்த அளவில்தான் இருக்கிறது.

ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் போகிறது. வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். இது பள்ளிக்கூடத்துக் கணக்கு. 57 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 57 முறை அதிரும் ஒலிக்கு அலைநீளம் 6 மீட்டர் சொச்சம். அதில் பாதி 3 மீட்டர், அதாவது 10 அடி. இடது சுவருக்கும் வலது சுவருக்கும் நடுவே இந்த அலையின் பாதி அச்சாகப் பொருந்திவிடுகிறது. போகிற அலையும் திரும்புகிற அலையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, நகராமல் ஒரே இடத்தில் நின்று ஆடத் தொடங்கும். நிலை அலை என்று படித்தோமே, அதுதான்.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஓடுகிற பஸ்ஸில் டிரைவர் சடாரென்று பிரேக் போட்டால் என்ன ஆகும்? முன்னால் நிற்பவர்கள் நசுங்குவார்கள், பின்னால் இடம் காலியாகும். நடுவில் நிற்பவர் நன்றாகவே முன்னுக்கு நகர்வார், ஆனால் அவரைச் சுற்றியுள்ள நெரிசல் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. அறைக்குள் காற்றும் இப்படித்தான், நொடிக்கு 57 முறை. சுவரை ஒட்டிய காற்றுக்கு நகர வழியில்லை, அதனால் அங்கே அழுத்தம் ஏறி இறங்குகிறது. நடு அறையில் காற்று இப்படியும் அப்படியும் ஓடுகிறது, ஆனால் அழுத்தம் மாறுவதே இல்லை. நம் செவிப்பறை உணர்வது அழுத்த மாற்றத்தை. ஆக, காற்று அதிகமாக ஆடும் இடத்தில்தான் காதுக்கு ஒன்றும் கேட்காது!

நம்பாவிட்டால் செய்து பாருங்கள். ஃபோனில் ஒற்றை அதிர்வெண் எழுப்பும் செயலி இலவசமாகவே கிடைக்கும். ஸ்பீக்கரில் இணைத்து, ஒலியை அளவாக வைத்து, 57 ஹெர்ட்ஸை ஓடவிட்டு ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு மெல்ல நடங்கள். சுவரருகே காதை அழுத்தும். 5 அடி தாண்டும்போது யாரோ நிறுத்திவிட்டதுபோல் அமுங்கிப்போகும். அங்கேயே நின்று மெல்லக் குனியுங்கள், ஒலி திரும்பி வரும். கூரையும் 10 அடி என்பதால் தரைக்கும் கூரைக்கும் நடுவே அதே 57-இல் இன்னொரு நிலை அலை நிற்கிறது. நிற்பவரின் காது ஏறக்குறைய 5 அடி உயரத்தில், அதாவது அந்த அலையின் ஓசையற்ற நடுவில், இருந்தது. குனிந்ததும் அதிலிருந்து வெளியே வந்துவிட்டது.

பேஸ் கிட்டாரில் தடித்த தந்திக்கு அடுத்த தந்தியைச் சும்மா மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். 57-ஐ ஒட்டிய அந்த ஸ்வரம் வந்தால் வாசகரின் அறையில் இரண்டு நிலை அலைகளும் சேர்ந்து எகிறும். இரண்டு அலைகளையும் ஒரே அதிர்வெண்ணில் கொண்டுவந்து வைத்தது அகலமும் உயரமும் சமமாக இருப்பதுதான். போதாததற்கு நம் வீடுகள் செங்கல், சிமெண்ட், டைல்ஸ். அமெரிக்க வீடுகளில் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர்கள் லேசாக அதிர்ந்து பேஸை, அதாவது அடித்தொனியை, கொஞ்சம் விழுங்கிவிடும். நம் சுவர் அப்படியே திருப்பி அனுப்பும். அந்த ஊர் விமர்சகர் “பேஸ் அளவாக இருக்கிறது” என்று எழுதியதைப் படித்துவிட்டு இங்கே வாங்குபவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

சரி, ஷோரூமில் ஏன் நன்றாகக் கேட்டது? 40 அடி நீளம், 30 அடி அகலம், 15 அடி உயரமுள்ள கூடம் என்று வைத்துக்கொள்வோம். அங்கேயும் நிலை அலைகள் உண்டு, சொல்லப்போனால் ஏராளம். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வாசகரின் அறையில் கணக்குப்படி 8 நிலை அலைகள் வரும். கூடத்தில் சுமார் 80. அத்தனை நெருக்கமாக இருப்பதால் எதுவும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியாது. எந்த அதிர்வெண்ணுக்கு மேல் இந்த நெருக்கம் வருகிறது என்பதற்கு மான்ஃபிரெட் ஷ்ரோடர் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் சூத்திரம் தந்திருக்கிறார். கூடத்துக்கு அது சுமார் 90 ஹெர்ட்ஸ், இந்தச் சின்ன அறைக்கு 240-ஐ ஒட்டி. அந்த எல்லைக்குக் கீழே நீங்கள் பெரும்பாலும் கேட்பது அறையைத்தான், ஸ்பீக்கரை அல்ல.

ஆகவே ‘உலகின் சிறந்த ஸ்பீக்கர்’ என்று ஒன்று கிடையாது. 1970-களில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக எல்எஸ்3/5ஏ என்ற குட்டிப் பெட்டியை வடிவமைத்தது. உயரம் ஓரடிதான். அடிமட்ட பேஸ் அதில் வராது, அதனால் 57 ஹெர்ட்ஸ் வம்பைப் பெரிதாக இழுப்பதும் இல்லை. வாசகரின் அறைக்கு இந்த வகைதான் பொருந்தும். அதையே கூடத்தில் வைத்தால் பரிதாபம். திறந்தவெளிக் கணக்கில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி அளவில் 6 டெசிபல் போய்விடும். கூடத்தில் எதிரொலி கொஞ்சம் கைகொடுக்கும்தான், ஆனாலும் பேஸை எழுப்பும் கூம்பு, அதாவது வூஃபர், இவ்வளவு சின்னதாக இருந்தால் தேவையான காற்றைத் தள்ள முடியாது.

இதற்கு நேர்மாறு, பால் கிளிப்ஷ் 1946-இல் அமெரிக்காவின் ஆர்கன்சாஸில் தயாரிக்கத் தொடங்கிய கிளிப்ஷ்ஹார்ன் ஸ்பீக்கர். அறையின் மூலையில் பொருத்தினால் இரண்டு சுவர்களும் அதன் கொம்புக் குழலின் நீட்சியாகிவிடும். மூலை என்பது எல்லா நிலை அலைகளுக்கும் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் இடம். அங்கிருந்து தள்ளினால் ஒன்று விடாமல் எல்லாம் விழித்துக்கொள்ளும். பெரிய கூடத்தில் அது வரம், 10 அடி அறையில் தலைவலி.

மூன்றாவது வகையில் என் மனம் எப்போதும் சாயும். 1957-இல் இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் கொண்டுவந்த குவாட் நிலைமின் (எலெக்ட்ரோஸ்டாட்டிக்) ஸ்பீக்கர். பெட்டியே இல்லை. உயர் மின்னழுத்தம் ஏற்றிய மெல்லிய படலம் முன்னும் பின்னும் ஆடும். முன்பக்கம் அழுத்தும்போது பின்பக்கம் இழுக்கும். பக்கவாட்டில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுவதால் அகலத்துக்கான நிலை அலை தூண்டப்படுவதே குறைவு. அழகான யோசனை. ஆனால் பின்சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நிறுத்தவேண்டும். 12 அடி அறையில் அதற்கப்புறம் கட்டில் போட இடம் இருக்காது.

பலரும் இந்த நேரத்தில் சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டக் கிளம்புவார்கள். பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். பஞ்சோ அட்டையோ ஒலியை விழுங்குவது உராய்வால்; உராய்வுக்குக் காற்று நகர வேண்டும். சுவரை ஒட்டி 57 ஹெர்ட்ஸில் காற்று நகர்வதே இல்லை. அலைநீளத்தில் கால் பங்கு ஒன்றரை மீட்டர், முட்டை அட்டையின் ஆழம் சில சென்டிமீட்டர். கைதட்டினால் எழும் கணகணப்பு சற்றுக் குறையலாம், பேஸுக்கு அது இருப்பதே தெரியாது. லட்ச ரூபாய் ஒயர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை; கண் காதை ஏமாற்றும். 1994-இல் ஒலி ஆராய்ச்சியாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஒரே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னாலும் கண்ணெதிரேயும் வைத்துக் கேட்பவர்களை மதிப்பெண் போடச் சொன்னார்கள். கண்ணால் பார்த்ததும் மதிப்பெண்கள் மாறின. இந்த டூல், பல ஆண்டுகள் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் பொதுப் பணத்தில் ஸ்பீக்கர்களை அளந்துகொண்டிருந்தவர். அந்த அளவீடுகள் அந்நாட்டு ஸ்பீக்கர் தயாரிப்பாளர்களுக்கு நன்றாகவே பயன்பட்டன. இங்கே ஒருவர் அப்படி நிதி கேட்டால், ‘பாட்டுக் கேட்கவா ஆராய்ச்சி?’ என்றுதான் முதல் கேள்வி வரும் என்பது என் எண்ணம்.

வாசகருக்குச் செலவில்லாத வழி, கதவைத் திறந்து வைப்பது. பேஸில் ஒரு பங்கு அடுத்த அறைக்குப் போய்விடும். செலவு செய்யத் தயார் என்றால் பெரிய ஸ்பீக்கருக்குப் பதிலாகச் சின்ன ஜோடியும், பேஸுக்கென்றே உள்ள சப்வூஃபர் பெட்டிகள் இரண்டும் வாங்கி, சப்வூஃபர்களை எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைக்கலாம். ஒரு பக்கம் நசுங்கும்போது மறுபக்கம் காலியானால்தான் அந்த நிலை அலை ஆட முடியும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நசுக்கினால் அது கிளம்பவே கிளம்பாது. ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தின் டாட் வெல்டி, எத்தனை சப்வூஃபர் போதும் என்று 2002-இல் ஆராய்ந்தார். நான்கு சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்று வைத்தால் போதும், எதிரெதிராக இரண்டே ஏறக்குறைய அந்த வேலையைச் செய்துவிடும் என்று வந்தது. உயரத்துக்கான 57 மட்டும் அடங்காது, இரண்டுமே தரையில் நிற்கின்றனவே. ஒன்றைப் பரண்மேல் ஏற்றினால் அதுவும் பெருமளவு அடங்கும், அங்கே இருக்கும் பித்தளைப் பாத்திரங்களை முதலில் இறக்கிவிட வேண்டும்.