3 சதவீதம் வரைக்கும் ஏறுச்சே, அப்புறம் எங்க போச்சு?

ஒரு தம்பி கேட்டிருந்தான்: "அண்ணே, 2032ல பூமி மேல ஒரு சிறுகோள் மோத 1 சதவீதம் வாய்ப்புன்னாங்க, அப்புறம் 2, அப்புறம் 3ன்னு ஏறிக்கிட்டே போச்சு, திடீர்னு ஒண்ணுமே இல்லன்னுட்டாங்க. எதையோ மறைக்கிறாங்கதானே?"

யாரும் எதையும் மறைக்கல தம்பி. ஆனா உன் கேள்வி ரொம்ப நல்ல கேள்வி, ஏன்னா உலகம் அழியப் போகுதுன்னு தேதி சொல்றவங்க எல்லாரும் வழுக்கி விழுற இடம் இதுதான்.

அவங்க கதை பழசு. 1910ல ஹாலி வால்நட்சத்திரத்தோட வால்ல சயனோஜன்னு ஒரு விஷவாயு இருக்குன்னு தெரிஞ்சதும் பூமிக்கே மூச்சு முட்டப் போகுதுன்னு பயந்து ஜன்னல் இடுக்கையெல்லாம் அடைச்சாங்க, அதுக்கு மாத்திரை கூட வித்தாங்க. வால் அவ்வளவு மெலிசு, ஒருத்தருக்கு ஒரு தும்மல் கூட வரல. அப்புறம் நிபிருன்னு ஒரு கற்பனைக் கிரகம் வந்து இடிக்கும்னு ஏலியன்ஸே சொன்னதா 2003 மே மாசத்துக்குத் தேதி குறிச்சாங்க, வரல, அதையே கொண்டுபோய் 2012 டிசம்பர் 21ல மாயன் காலண்டரோட ஒட்டிட்டாங்க. ஒரு கிரகம் அவ்வளவு கிட்ட வந்துட்டா பல மாசம் முன்னாடியே மொட்டைமாடியில நின்னா வெறுங்கண்ணுக்கே தெரியுமே!

சரி, அந்த 3 சதவீதத்துக்கு வருவோம். சிறுகோள் பேரு 2024 ஒய்ஆர்4, சுமார் 60 மீட்டர் அகலம், 2024 டிசம்பர் 27ல சிலியில இருக்குற அட்லஸ் டெலஸ்கோப் கண்டுபிடிச்சது. சில வாரம் மட்டும் பாத்துட்டு எட்டு வருஷம் கழிச்சு எங்க இருக்கும்னு சொல்லணும். அதோட வேகத்தைக் கணக்குப் போடுறதுல நொடிக்கு 10 சென்டிமீட்டர் தப்பு வந்தா போதும், தவழுற குழந்தையோட வேகம் கூட இல்ல, ஆனா எட்டு வருஷத்துல அது சுமார் 25,000 கிலோமீட்டர் ஆயிடும், அதாவது ரெண்டு பூமியோட அகலம்!

அதனால "கல் இந்தப் புள்ளியில இருக்கும்"னு சொல்ல முடியாது, "இந்த நீளக் கயித்துல எங்கயோ ஒரு இடத்துல இருக்கும்"னுதான் சொல்ல முடியும். இப்ப அந்தக் கயிறு 10 லட்சம் கிலோமீட்டர்னு வச்சுக்குவோம், நடுவுல எங்கயோ பூமி உக்காந்திருக்கு, அகலம் 12,756. வகுத்துப் பாரு, 1.3 சதவீதம். இன்னும் பத்து நாள் பாத்தாங்க, அளவு துல்லியமாச்சு, கயிறு ரெண்டு பக்கமும் சுருங்கி 4 லட்சமாச்சு, பூமி இன்னும் உள்ளதான் இருக்கு, இப்ப வகுத்தா 3.2 சதவீதம். கல்லு ஒரு இன்ச் கூட நம்ம பக்கம் திரும்பல, பூமி பெருசாகல, நம்ம அறியாமைதான் சுருங்குச்சு! இன்னும் சுருங்குது, ஒரு நாள் கயித்தோட நுனி பூமியைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுது, அவ்வளவுதான், வாய்ப்பு படக்குனு விழுந்துடும். 2025 பிப்ரவரி 18ல 3.1 சதவீதம்னு இருந்தது, ஒரே வாரத்துல 0.01 கூட இல்ல. எனக்கு இதைவிட அழகான கணக்கு தெரியாது, அந்த நம்பர் ஏறுறப்பல்லாம் நான் சந்தோஷப்பட்டேன், வேலை ஒழுங்கா நடக்குதுன்னு அர்த்தம்.

2004 டிசம்பர்ல அபோஃபிஸ்ங்குற இன்னொரு சிறுகோளுக்கும் இதேதான், 2029ல மோதுற வாய்ப்பு 2.7 சதவீதம் வரைக்கும் போச்சு, 2004 மார்ச்ல எடுத்த பழைய படத்துல அது சிக்கியிருந்ததைக் கண்டுபிடிச்சதும் அந்த மோதல் கணக்குலேருந்தே போச்சு. 2029 ஏப்ரல் 13ல சுமார் 32,000 கிலோமீட்டர் உயரத்துல நம்மளத் தாண்டிப் போகும், டிவி சேட்டிலைட்டை விடக் கீழ! அன்னைக்கும் அழிவுன்னு கெளம்புவாங்க பாரு.

ஏலியன்ஸும் இந்த மாதிரி இடைவெளியிலதான் வந்து குடியேறுறாங்க. 2025 ஜூலை 1ல அதே அட்லஸ் வேற ஒரு நட்சத்திரத்துக்கிட்டேருந்து வந்த 3ஐ அட்லஸ்ங்குற பொருளைப் பாத்துச்சு, தகவல் கம்மியா இருந்த நாள்லயே அதை விண்கப்பல்னுட்டாங்க. அப்புறம் பாத்தா கார்பன் டை ஆக்சைடும் தண்ணியும் கக்குது, வால்நட்சத்திரம் செய்யுற வேலை. நம்புனவங்க மேல எனக்குக் கோபம் இல்ல, யாராவது வரமாட்டாங்களான்னு எனக்கும் ஆசை இருக்கு. ஆனா இன்னொரு சூரியனுக்குப் பக்கத்துல உருவான பனிக்கட்டி நம்ம வீட்டு வாசலைத் தாண்டிப் போனதே பெரிய விஷயமில்லையா?

நிஜமா விழுந்த கல்லுக்கு யாருமே தேதி சொல்லல. 2013 பிப்ரவரி 15, உலகமே வேற ஒரு சிறுகோள் 27,700 கிலோமீட்டர்ல கடந்து போறதப் பாக்கக் காத்துக்கிட்டிருந்த அன்னைக்கே, ரஷ்யாவுல செல்யாபின்ஸ்க் மேல 20 மீட்டர் கல்லு ஒண்ணு வெடிச்சுது, ஜன்னல் கண்ணாடி ஒடைஞ்சு சுமார் 1,500 பேருக்குக் காயம். சூரியன் இருக்குற திசையிலேருந்து வந்ததால எந்த டெலஸ்கோப்புக்கும் தெரியல. சூரியன் பக்கமா இன்னும் கிட்ட வரைக்கும் தேட, விண்வெளியிலேருந்து அகச்சிவப்பு ஒளியில பாக்குற நியோ சர்வேயர்ங்குற டெலஸ்கோப்பை நாசா கட்டிக்கிட்டிருக்கு, பட்ஜெட்டைக் கொறைச்சதால அது ஏற்கனவே ரெண்டு வருஷம் தள்ளிப்போச்சு. பயப்படணும்னா எனக்கு அந்த ரெண்டு வருஷத்தை நினைச்சாத்தான் பயம்.