லெகோவும் குமிழும்: ஒரு சொல் விளக்கம்

அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். எட்டு வயது. 2008-ல் வந்த லெகோ இண்டியானா ஜோன்ஸ் வீடியோ விளையாட்டு என்னிடம் இருந்தது. அதைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு கன்ட்ரோலரோடு உட்கார்ந்தோம். தொப்பி போட்ட குட்டிப் பொம்மை காட்டுக்குள் சாட்டையைச் சுழற்றுகிறது. செடி உடைகிறது, ஜாடி உடைகிறது, உடைந்த இடத்திலிருந்தெல்லாம் வெள்ளி நிறத்தில் சின்னச் சின்ன வட்டங்கள் துள்ளி விழுகின்றன. “மாமா, ஸ்டட்டை எடுங்க! ஸ்டட்டை எடுங்க!” என்று கத்துகிறான். “ஸ்டட்னா என்னடா?” என்று கேட்டேன். “காசு மாமா.” “காசுக்கு ஏன் ஸ்டட்னு பேரு?” ஆட்டத்தை நிறுத்திவிட்டு யோசித்தான். தெரியவில்லை.

அவனுக்கு அன்றைக்கு அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுதாகச் சொல்லிப் பார்க்கிறேன். அதற்கு முதலில் லெகோ என்ற சொல்லுக்கே போக வேண்டும்.

டென்மார்க்கில் பில்லுண்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932-ல் மரப் பொம்மைகள் செய்து விற்கத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகள் கழித்துத் தன் தொழிலுக்கு லெகோ என்று பெயர் வைத்தார். டேனிஷ் மொழியில் ‘லெக்’ என்று எழுதினால் விளையாடு, ‘கொட்’ என்றால் நன்றாக. டேனிஷ்காரர் வாயில் அது கிட்டத்தட்ட ‘லாய் கொட்’ என்று ஒலிக்கும். எழுத்தில் இரண்டு சொல்லின் முன்பாதியையும் எடுத்து ஒட்டினால் லெகோ. தெருவுக்கு ஓடும் பிள்ளையிடம் நாம் சொல்கிற ‘நல்லா விளையாடு’ என்பதுதான் பொருள். லத்தீனிலும் இதே எழுத்துகளில் ஒரு சொல் உண்டு. ‘திரட்டுகிறேன்’, ‘படிக்கிறேன்’ என்று பொருள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் பெயர் அங்கிருந்து வரவில்லை.

பெயர் வைத்த நாளில் இன்று நாம் லெகோ என்று சொல்கிற பிளாஸ்டிக் கட்டை உலகத்திலேயே இல்லை என்பது இங்கே முக்கியம். அவர் செய்தது மர வாத்து, மர வண்டி. பிளாஸ்டிக் கட்டை 1949-ல்தான் வந்தது. அதுவும் இங்கிலாந்தில் ஹிலரி ஃபிஷர் பேஜ் என்பவர் உருவாக்கிய கிடிகிராஃப்ட் கட்டைகளைப் பார்த்துச் செய்தது. ஆகவே லெகோ என்பது ஒரு நிறுவனத்தின் பெயர். மனிதர் பெயரை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. இதையும் லெகோ என்றே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டுப் போகலாம். தமிழ்ச் சொல் வேண்டியது பெயருக்குப் பின்னால் இருக்கும் பொருளுக்கு.

அந்தப் பொருளை ஆங்கிலத்தில் பிரிக் என்கிறார்கள். உடனே செங்கல் என்று எழுதத் தோன்றும். ‘செங்கல் விளையாட்டு’, ‘பொம்மைச் செங்கல்’ என்றெல்லாம் எழுதினால் எனக்கு ஒட்டவில்லை. செங்கல் என்ற சொல்லுக்குள் நிறம் இருக்கிறது, கல் இருக்கிறது, சூளை இருக்கிறது. மஞ்சளும் நீலமுமாக உள்ளங்கையில் கனமே தெரியாமல் கிடக்கிற ஒரு பொருளுக்கு அது பொருந்தாது. அதைவிடப் பெரிய குறை, செங்கல் தானாக ஒட்டாது, சாந்து வேண்டும். சாந்தில்லாமல் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்வதுதானே இந்தக் கட்டையின் உயிர்?

இதோ, கட்டை என்று எனக்குத் தானாகவே வந்துவிட்டது பாருங்கள். நம் பேச்சில் அது ஏற்கெனவே இருக்கிறது. பூரிக்கட்டை, உருட்டுக்கட்டை, கட்டைவண்டி. குழந்தைகள் அடுக்கி விளையாடும் மரத்துண்டையும் கட்டை என்றுதான் சொல்கிறோம். மரத்தில் தொடங்கியதுதான் லெகோவும். ‘கட்டு’ என்ற வினை ஒலியில் பக்கத்திலேயே நிற்பது கூடுதல் வசதி. வெறும் கட்டை என்றால் எல்லாக் கட்டையும் அடங்கிவிடும் என்பதால் முன்னால் ஒரு சொல் சேர்க்கலாம்: பொருத்துக்கட்டை. ‘அடுக்குக்கட்டை’ என்றும் சொல்லிப் பார்த்தேன், சரிவரவில்லை. அடுக்கியது தட்டினால் சரிந்துவிடும், பொருத்தியது நிற்கும்.

ஒரு கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால் பொருத்து என்ற சொல் எவ்வளவு சரி என்று தெரியும். பக்கத்துக்கு நான்காக இரண்டு வரிசை கொண்ட வழக்கமான கட்டை. மேலே எட்டு மொட்டுகள். திருப்பினால் உள்ளே மூன்று குழல்கள். 1949-ல் வந்த கட்டையின் அடிப்பகுதி வெறும் கூடு. மேலே வைத்தால் நிற்கும், தூக்கினால் கழன்றுவிடும். குழல்களை உள்ளே வைத்த வடிவத்துக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். கீழ்க்கட்டையின் மொட்டு மேல்கட்டையின் சுவருக்கும் குழலுக்கும் நடுவே இறுக்கமாக நுழைந்து உட்கார்ந்துகொள்ளும். குழந்தை விரலால் கழற்றும் அளவுக்கு இளக்கம், தூக்கினாலும் விழாத அளவுக்கு இறுக்கம். லெகோ பிரியர்கள் இதை ஆங்கிலத்தில் ‘கிளட்ச் பவர்’ என்கிறார்கள். நமக்குப் புதுச்சொல் எதுவும் தேவையில்லை. ஏணியில் ஏறும்போது கேட்கிறோமே, ‘பிடிமானம் இருக்கா?’ என்று, அதே பிடிமானம்தான். ஒரே நிறத்தில் இப்படிப்பட்ட ஆறு கட்டைகளை எத்தனை விதமாகப் பொருத்தலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்: 91,51,03,765 விதம். 1958-ல் செய்த கட்டை இன்று செய்யும் கட்டையோடும் பொருந்துகிறது.

இப்போது அந்த மொட்டுக்கு வருவோம். அதுதான் ஸ்டட். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குத் தூண், முட்டுக்கால் என்று பொருள். அங்கிருந்து பிற்காலத்தில் துருத்தி நிற்கும் ஆணித்தலைக்கும், பிறகு சட்டையில் மாட்டும் பொத்தானுக்கும், காதில் ஒட்டி நிற்கும் நகைக்கும் ஆகிவந்தது. நம் ஊர் நகைக்கடையில் ‘ஸ்டட் மாடல்’ என்று சொல்வது அந்தக் கடைசிப் பொருள். எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: தட்டையான இடத்திலிருந்து எழும்பி நிற்கும் உருண்டையான மேடு.

அதற்குத் தமிழில் குமிழ்.

இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச ஆசை. குமிழ்த்தல் என்றால் உருண்டு எழும்புதல். நீரில் எழும்பினால் நீர்க்குமிழி. பழைய வீட்டுக் கதவில் பித்தளைக் குமிழ், கட்டில் காலின் தலையில் மரக்குமிழ். இதழ் இன்னும் விரியாமல் அரும்பி நிற்கும் சிரிப்பைக் ‘குமிண் சிரிப்பு’ என்று பாடினார் அப்பர். இலங்கைத் தமிழில் இந்தச் சொல் இன்னும் நன்றாகவே புழங்குகிறது: விளக்கு பல்பு அங்கே மின்குமிழ், பால் பாயின்ட் பேனா குமிழ்முனைப் பேனா. எனக்கு மிகவும் பிடித்தது பாதக்குறட்டின் குமிழ். மரத்தால் செய்த அந்தக் காலத்து மிதியடிக்கு வார் கிடையாது. முன்பக்கம் ஒரே ஒரு குமிழ், பெருவிரலும் அடுத்த விரலும் அதைக் கவ்விக்கொள்ளும். வாரில்லாத செருப்பு காலோடு வருவது அந்தக் குமிழின் பிடிமானத்தால். லெகோ கட்டையின் மேலே இருக்கும் 4.8 மில்லிமீட்டர் வட்டம் செய்வதும் அதே வேலை. வடிவத்தில் மட்டும் ஒத்துப்போகிற சொல் கிடைப்பது எளிது. செய்கிற வேலையிலும் ஒத்துப்போகிற சொல் கிடைத்தால் அதை விடக் கூடாது.

ஆக, அக்கா மகனின் காசுக்கு ஸ்டட் என்று பேர் வந்த காரணம் இது. விளையாட்டில் துள்ளி விழுவது கட்டையின் தலையில் இருக்கும் அதே வட்டத்தின் வடிவம். ஒரே ஒரு குமிழ் மட்டும் உள்ள வட்டச் சில்லு. வெள்ளிக் குமிழ் 10, பொன் குமிழ் 100, நீலக் குமிழ் 1,000. ஊதாக் குமிழ் கிடைத்தால் 10,000. காசு என்று சொன்னால் பொருள் விளங்கும், ஆனால் அது கட்டையின் ஒரு பகுதி என்பது போய்விடும். குமிழ் என்றால் இரண்டும் நிற்கும்.

இந்த வகை விளையாட்டுகளைச் செய்தது டிராவலர்ஸ் டேல்ஸ் என்ற இங்கிலாந்து நிறுவனம். 2005-ல் லெகோ ஸ்டார் வார்ஸ், அதன் பிறகு 2008-ல் இண்டியானா ஜோன்ஸ். 1981, 1984, 1989 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று சாகசப் படங்களின் கதை அதில் இருக்கிறது. ஆனால் யாரும் பேச மாட்டார்கள். முணுமுணுப்பு, உறுமல், தோளைக் குலுக்குதல், கண்ணை உருட்டுதல், அவ்வளவுதான் வசனம். இந்த நிறுவனத்தின் லெகோ விளையாட்டுகளில் பொம்மைகள் வாய் திறந்து பேசியது 2012-ல் வந்த இரண்டாவது பேட்மேன் விளையாட்டில்தான். எனக்கு இந்த ஊமை விளையாட்டுகள்மேல் தனிப் பிரியம். திரையில் ஆங்கிலக் குறிப்புகள் வந்துபோகும், உண்மைதான். ஆனால் பேச்சு முழுவதும் சோபாவில் உட்கார்ந்திருக்கிறவர்களுடையது. அந்த இடத்தை எந்த மொழியால் நிரப்புவது என்பது நம் வீட்டுக்காரர்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் இந்தச் சொற்களைத் தேடுவது எனக்கு வெறும் அகராதி வேலையாகத் தோன்றவில்லை.

படத்தை விளையாட்டாக்கியதை மொழிபெயர்ப்பு என்று சொல்ல முடியாது. தழுவல் என்ற சொல்தான் சரி. கதையைக் கட்டிப்பிடித்துத் தன் உடம்புக்கு ஏற்ப வளைத்துக்கொள்வது. படத்தில் நாஜிகள் வருகிறார்கள். விளையாட்டில் அந்த அடையாளமே இல்லை, வெறும் எதிரிச் சிப்பாய்கள். படத்தில் சாவு உண்டு. விளையாட்டில் ஆள் துண்டு துண்டாகக் கழன்று, கொஞ்சம் குமிழ்களைச் சிந்திவிட்டு, அதே இடத்தில் எழுந்து நிற்கிறான். ‘குடும்பத்தோடு பார்க்கலாம்’ என்று நாம் படத்துக்குச் சொல்வதை இதற்குக் குடும்பத்தோடு ஆடலாம் என்று மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது படத்தின் கயிற்றுப்பாலச் சண்டையும் விளையாட்டில் இருக்கிறது. படத்தில் அது இந்தியா. எடுத்த இடம் இலங்கை, கண்டிக்குப் பக்கத்தில், அப்போது கட்டிக்கொண்டிருந்த விக்டோரியா அணையின் அருகே. அந்தப் படம் இந்தியாவைக் காட்டிய விதம் எனக்கு இன்றும் உறுத்துகிறது. விளையாட்டின் பாலம் மட்டும் பிடிக்கும்.

இந்த ஆட்டத்தின் அடிப்படைச் செயல்கள் இரண்டு: உடைப்பது, உடைந்த துண்டுகளைப் பொருத்திப் புதிதாக ஒன்றைச் செய்வது. பொத்தானை அழுத்திப் பிடித்தால் சிதறிக் கிடக்கும் துண்டுகள் ஒவ்வொன்றாகத் துள்ளிவந்து உட்காரும். ஏணி கிடைக்கும், சக்கரம் கிடைக்கும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிற்றில் என்ற சொல் நினைவுக்கு வரும். சிறுமிகள் தெருமணலில் கட்டும் குட்டி வீடு சிற்றில். அதைக் காலால் கலைத்துவிட்டு ஓடுவது பையன்களின் குறும்பு; கலித்தொகையிலேயே அப்படி ஒருவன் வருகிறான். பிள்ளைத்தமிழில் ‘சிற்றில் சிதைத்தல்’ என்று தனிப் பருவமே வைத்திருக்கிறோம். கட்டுவதற்கு ‘இழைத்தல்’, கலைப்பதற்கு ‘சிதைத்தல்’. ‘பில்ட் பண்ணு’, ‘பிரேக் பண்ணு’ என்று சொல்லும் இடத்தில் ‘சிதை’, ‘இழை’ என்று சொல்ல வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். ‘உடை’, ‘கட்டு’ போதும். ஆனால் குழந்தை விளையாட்டில் கட்டுவதும் கலைப்பதும் ஒரே ஆட்டம் என்பதை நம் மொழி எப்போதோ கண்டு பெயர் வைத்திருக்கிறது.

மிச்சம் அந்தக் குட்டிப் பொம்மை. 1978-ல் கைகால் அசையும் வடிவம் பெற்றது; உயரம் சுமார் 4 சென்டிமீட்டர். அதற்கு நான் தேர்ந்தெடுத்திருப்பது சிற்றாள். சின்ன ஆள் என்று நேர்ப்பொருள். வீடு கட்டும் இடத்தில் கொத்தனாருக்குக் கல்லும் சாந்தும் எடுத்துக் கொடுப்பவரைச் சித்தாள் என்கிறோமே, அதுவும் இதே சொல்தான். கட்டைகளுக்கு நடுவே நாளெல்லாம் நிற்கிறவருக்கு இதைவிட நல்ல பெயர் எனக்குத் தெரியவில்லை.

எழுதும்போது ஒரு சின்னக் குழப்பம் வரும். பொருத்துக்கட்டையா, பொருத்துகட்டையா? ‘பொருத்து’ என்பதை வினையாகக் கொண்டு ‘பொருத்தும் கட்டை’ என்று விரித்தால் அது வினைத்தொகை, சுடுகாடு, ஊறுகாய் போல ஒற்று மிகாது. ‘பொருத்து’ என்பதை மூட்டு, இணைப்பு என்ற பெயர்ச்சொல்லாகக் கொண்டால் க் வரும். மூட்டு இருப்பதால்தானே அது இந்தக் கட்டை. நான் க் போட்டு எழுதுகிறேன். பெயரோடு சேர்க்கும்போது லெகோ கட்டை என்று இடைவெளி விட்டு எழுதுவது தெளிவு. பன்மையில் ‘லெகோக்கள்’ வேண்டாம், லெகோ கட்டைகள். குமிழுக்குப் பன்மை குமிழ்கள். குமிழிகள் என்று எழுதினால் தண்ணீரில் எழும்புவது என்று ஆகிவிடும்.