பிளம்பிங் விதி மாறினால் கட்டுமானச் செலவு எங்கே குறையும்?

வீடு கட்டும் செலவைக் குறைக்க பிளம்பிங் விதிகளைத் திருத்துகிறோம் என்று ஒரு நகர நிர்வாகம் அறிவித்தால், பைப்பில் என்ன பெரிதாக மிச்சமாகிவிடும் என்றுதான் முதலில் தோன்றும். தனி வீட்டில் அப்படி ஒன்றும் பெரிதாக மிஞ்சாது. பல மாடிக் குடியிருப்பில் அதே விதி ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு குளியலறையிலும் திரும்பத் திரும்பச் செலவு வைக்கும்.

பல நகரங்கள் இந்த விதிகளை முழுக்கத் தாங்களே எழுதுவதில்லை. இன்டர்நேஷனல் பிளம்பிங் கோட், யூனிஃபார்ம் பிளம்பிங் கோட் போன்ற மாதிரி விதிகளில் ஒன்றை எடுத்து, உள்ளூர் மாற்றங்களைச் சேர்த்துச் சட்டமாக்குகின்றன. அப்படிச் சேர்த்தவை காலம் போனபிறகும் அப்படியே தங்கிவிடுவது உண்டு. வீட்டுக் குடிநீர் இணைப்புக்கு ஈயக் குழாய்தான் போடவேண்டும் என்று சிகாகோ வைத்திருந்த விதி, 1986-இல் அமெரிக்க மத்திய அரசு ஈயத்தைத் தடை செய்யும்வரை நீடித்தது. பழைய விதி என்பதாலேயே அது பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

எல்லோருக்கும் சட்டென்று புரிவது குழாய்ப் பொருள் மாற்றம். வார்ப்பிரும்பும் செம்பும் மட்டும் என்றிருந்த இடத்தில் பிவிசி, பெக்ஸ் (வளையக்கூடிய பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்) ஆகியவற்றுக்கும் அனுமதி கிடைக்கும். விலை குறைவு, எடை குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் பிளாஸ்டிக் கழிவுக் குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம் அதிகம் கேட்கும்; தீத்தடுப்புச் சுவரைத் துளைத்துப் போகுமிடத்தில் தீ பரவாமல் தடுக்கும் தனி அடைப்பும் தேவை.

அதைவிடக் கவனிக்க வேண்டியது காற்றுக் குழாய், அதாவது வென்ட். சிங்க், டாய்லெட் எல்லாவற்றிலும் ட்ராப் என்ற வளைந்த குழாய்ப் பகுதி ஒன்று இருக்கும். அதில் எப்போதும் தேங்கி நிற்கும் சுமார் 2 அங்குலத் தண்ணீர்தான் சாக்கடை வாயுவை வீட்டுக்குள் விடாமல் தடுக்கிறது. மேலிருந்து கழிவுநீர் வேகமாக இறங்கும்போது இந்தத் தண்ணீரையும் உறிஞ்சி இழுத்துவிடலாம். அது நடக்காமலிருக்கக் குழாய்க்குள் காற்று வர வேண்டும்; அதற்குத்தான் வென்ட். ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி வென்ட் இழுத்துக் கூரைவரை கொண்டுபோனால் குழாய், சுவருக்குள் இடம், கூரையில் துளை என்று செலவு ஏறிக்கொண்டே போகும். பல சாதனங்கள் ஒரே வென்ட்டைப் பகிரும் முறையையோ, காற்றை உள்ளே மட்டும் விடும் வால்வையோ அனுமதித்தால் இதில் கணிசமாகக் குறையும். வால்வு வைத்தாலும் வெளியே திறக்கும் வென்ட் ஒன்றாவது இருந்தாக வேண்டும். அந்த வால்வுக்குள் அசையும் பாகம் இருப்பதால், எட்டிக் கழற்றி மாற்றக்கூடிய இடத்தில் வைக்கச் சொல்கிறதா என்று திருத்தத்தில் பாருங்கள்.

அப்புறம் குழாயின் அளவு. அமெரிக்க ஆய்வாளர் ராய் ஹன்டர் 1940-இல் வெளியிட்ட கணக்குமுறைதான் இன்னும் பல விதிகளுக்கு அடிப்படை. நெரிசலான நேரத்தில் எத்தனை சாதனங்கள் ஒரே சமயத்தில் ஓடும் என்பதை நிகழ்தகவு வைத்துக் கணக்கிட்டார். கணக்கில் பிழையில்லை, சாதனங்கள்தான் மாறிவிட்டன. இப்போதைய டாய்லெட்டுகள் ஒரு தடவைக்கு 6 லிட்டரோ அதற்கும் குறைவாகவோதான் எடுக்கின்றன. பழைய கணக்கில் போட்ட பெரிய குழாய்க்குக் காசும் கூட, அதில் தண்ணீர் தேங்கிப் பழசாவதும் கூட. குடியிருப்புகளுக்கான புதிய கணக்குமுறை ஒன்று யூனிஃபார்ம் பிளம்பிங் கோடின் 2018 பதிப்பில் பிற்சேர்க்கையாக வந்தது. பிற்சேர்க்கை என்பதால், நகரம் அதைத் தனியாக ஏற்றால்தான் செல்லும்.

இவையெல்லாம் சரி. ட்ராப்பில் நிற்கும் தண்ணீரின் ஆழத்தையோ, கழிவுநீர் குடிநீர்க் குழாய்க்குள் திரும்பாமல் தடுக்கும் ஏற்பாட்டையோ செலவைக் காட்டி ஒரு திருத்தம் தளர்த்தினால் மட்டும் ஏற்கக்கூடாது என்பேன்.

திருத்தம் வந்தால் இருக்கிற வீட்டை இடித்து மாற்ற வேண்டியதில்லை. பொதுவாகப் புதுக் கட்டடத்துக்கும் பெரிய புதுப்பிப்புக்கும்தான் பொருந்தும். நடைமுறைக்கு வரும் தேதிக்கு முன்பே வரைபடம் ஒப்புதலாகியிருந்தால் பழைய விதிப்படியே வேலை நடக்கலாம். புதிய முறையைப் பயன்படுத்த நினைப்பவர்கள் திருத்திய வரைபடம் கொடுக்க வேண்டுமா என்று அனுமதி அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. இந்தத் திருத்தங்கள் பெரும்பாலும் அனுமதிதான், கட்டாயமில்லை. செம்புதான் வேண்டும் என்பவர் செம்பையே போடலாம். பில்டருக்கு மிச்சமாகும் பணத்தை வாங்குபவருக்குக் கொடுக்கச் சொல்லும் வேலை பிளம்பிங் விதிக்குக் கிடையாது. அதை ஒப்பந்தம் போடும்போது நீங்கள்தான் பேச வேண்டும்.